கலிலியோவைத் தண்டித்தவர்கள் செய்த தவறு எது?



பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கலிலியோவை மதத் தலைவர்கள் தண்டித்தார்கள் என்று படித்திருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் அந்த வழக்கை ஓர் அறிஞருக்கும் அறியாத கூட்டத்துக்கும் நடந்த சண்டையாக மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

சூரியனை நடுவில் வைத்து 1543-இல் நூல் வெளியிட்ட கோப்பர்நிக்கஸ், பேராலயம் ஒன்றில் பதவி வகித்தவர். தம் நூலைப் போப்பாண்டவருக்கே காணிக்கையாக்கினார். 1610-இல் கலிலியோ தொலைநோக்கி மூலம் வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். வெள்ளிக் கோளும் சந்திரனைப் போல வளர்ந்து தேய்வதைக் கண்டார். மறு ஆண்டே ரோம் நகரத்து இயேசு சபைப் பாதிரிமார் தாங்களும் பார்த்து, இவை மெய்யே என்று ஒப்புக்கொண்டனர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூமி நகர்கிறது என்பதற்கு ஐயமற்ற சான்று அன்று கலிலியோவிடம் இல்லை. கோள்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று டைக்கோ பிராகி கூறியிருந்தார். வெள்ளியின் பிறைத் தோற்றத்துக்கு அந்த விளக்கமும் பொருந்தியது. கடல் நீர் ஏறி இறங்குவதையே கலிலியோ பெரிய சான்றாகக் காட்டினார். அது தவறான சான்று.

சரியான சான்று எப்படி இருக்கும்? ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். அதுபோலவே, பூமி நகர்ந்தால் அருகிலுள்ள விண்மீன் சற்றே இடம் மாறித் தோன்ற வேண்டும். மிக நுண்ணிய அம்மாற்றத்தைப் பெசல் என்ற ஜெர்மானிய வானியலார் அளந்து அறிவித்தது 1838-இல்தான்!

அப்படியானால் திருச்சபை செய்தது சரியா? இல்லவே இல்லை. "சான்று போதாது" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது நியாயமான விவாதம். அவர்களோ 1616-இல் கோப்பர்நிக்கஸின் நூலைத் திருத்தும்வரை படிக்கக் கூடாது என்று தடுத்தார்கள். 1633-இல், 69 வயதான கலிலியோவை மண்டியிடச் செய்து, தம் கருத்தைக் கைவிடுவதாகச் சொல்ல வைத்தார்கள். 1642-இல் இறக்கும்வரை அவர் காவலில் இருந்தார். இயக்கம் பற்றிய அவருடைய அரிய நூல் 1638-இல் ஹாலந்து நாட்டில்தான் அச்சேறியது. வழக்கில் நேர்ந்த தவற்றைப் போப் இரண்டாம் ஜான் பால் 1992-இல் ஒப்புக்கொண்டார்.

இன்று சான்று போதாத கருத்துக்கு நாளை சான்று கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தேடவே கூடாது என்று கதவை அடைத்தால் இரண்டையும் அறிய முடியாது. நான் பெருந்தவறு என்று கருதுவது இதையே. மதம் மட்டுமல்ல, அரசோ பேராசிரியரோ செய்தாலும் அது தவறுதான்.

நண்பர்களே, "பூமி சூரியனைச் சுற்றுகிறது" என்று தேர்வில் எழுதும்போது, அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் கேட்டுப் பாருங்கள். "புத்தகத்தில் இருக்கிறது" என்பது மட்டுமே விடையானால், கலிலியோவின் நீதிபதிகளும் அதே விடையைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆசிரியரிடம் சான்று கேளுங்கள். இந்தக் கட்டுரையையும் அப்படியே சோதித்துப் பாருங்கள்.