அளக்கப் போனால் மாறும் மூச்சு

தொட்டிலில் உறங்கும் சிசுவின் மூச்சை அறியத் தாய்க்கு மார்பின்மேல் ஒரு கை வைத்தால் போதும். வைத்தியருக்கு அது போதாது. ஸிஸ்டிக் பைப்ரோஸிஸ் என்னும் பிறவி நோயில், இருமல் தலைகாட்டுமுன்பே சிறு மூச்சுக்குழல்கள் கெடத் தொடங்கிவிடலாம். பெரியவர்களானால் “பலமாக ஊதுங்கள்” எனலாம். மூன்று மாதக் குழந்தையிடம் யார் போய்ச் சொல்வது?

ஆகவே வேறோர் உபாயம் உண்டு. நுரையீரலில் நிற்கும் காற்றில் பெரும் பங்கு நைட்ரஜன். உறங்கும் குழந்தையின் மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிச் சுத்தமான பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்தால், சாயத்துணியை அலசுவதுபோல ஒவ்வொரு மூச்சும் நைட்ரஜனை வெளியேற்றும். அது தொடக்க அளவில் 40-ல் ஒரு பங்காகக் குறையுமட்டும் எவ்வளவு மூச்சு விடவேண்டியிருந்தது என்று கணக்கிடுகிறார்கள். தேக்கம் இருந்தால் அலசல் நீளும். டார்லிங், கூர்னான், ரிச்சர்ட்ஸ் ஆகிய அமெரிக்க வைத்தியர்கள் பெரியவர்களின் நுரையீரல் கொள்ளளவை அறிய இவ்வழியை 1940-ல் விவரித்தனர்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஜீவாதாரமான பிராணவாயுவே பரீட்சையைக் குழப்புகிறது. கழுத்தின் இருபுறமும், பெரிய இரத்தக் குழாய் கிளைபிரியுமிடத்தில், அரிசியளவில் ஒரு காவற்காரன் இருக்கிறான். இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் “இன்னும் மூச்சு விடு” என்று மூளைக்கு ஆள் அனுப்புவது அவன் வேலை. (இதனை விளக்கிய பெல்ஜிய விஞ்ஞானி ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது.) சுத்தப் பிராணவாயு வந்ததும் அவன் வாயடைத்துப் போகிறான்; குழந்தையின் மூச்சு சிறிது நேரம் ஆழம் குன்றுகிறது. 3 கிலோ எடையுள்ள சிசுவின் ஒரு மூச்சே சுமார் 20 மில்லி லிட்டர், அதாவது நாலு தேக்கரண்டி! அதிலும் குறைந்தால், காற்றுக்குழாயில் வீணாகும் பங்கே விஞ்சிநிற்கும். அலசல் நீண்டு, நல்ல நுரையீரலும் நோயுற்றதாய்த் தோன்றக்கூடும். பெற்றோர் நெஞ்சம் என்ன பாடுபடும்!

இதனால் சிசுக்களுக்கு, சாதாரணக் காற்றின் பிராணவாயு அளவை மாற்றாமல், ஸல்பர் ஹெக்ஸாபுளோரைடு என்ற வாயுவை 100-க்கு 4 வீதம் கலந்து கொடுக்கும் முறை வந்தது. காவற்காரனுக்கு இதனால் தொந்தரவில்லை. ஆனால் இவ்வாயு காற்றைவிட ஐந்து மடங்கு கனம். கலவையும் சற்றுக் கனக்கிறது. முதலில் அதை நுரையீரலில் நிரப்பிப் பின்பே வெளியேற்ற வேண்டும். அதுவரை குழந்தை விழிக்காதிருக்க வேண்டுமே! தவிர, பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 20,000 மடங்குக்கு மேல் வல்லது. ஹீலியமோ மிகவும் லேசு. முகமூடியில் நூலிழைச் சந்து இருந்தாலும் நழுவி ஓடிவிடும்.