பட்ட மான் யார் கணக்கில்?

துப்பாக்கி வேட்டையைவிட வில் வேட்டை உயர்ந்தது என்று அமெரிக்காவில் ஒரு வாதம் உண்டு. விஸ்கான்ஸின் மாகாணம் 1934இல் வில்லுக்கென்றே தனி வேட்டைப் பருவம் ஒதுக்கியது. பிற மாகாணங்களும் பின்தொடர்ந்தன. மானை இருபது முப்பது கஜத்துக்குள் நெருங்கவேண்டும், காற்றின் திசை பார்க்கவேண்டும், மரத்தின்மேல் மணிக்கணக்கில் அசையாமல் உட்காரவேண்டும். ஆகவே இதுதான் நேர்மையான வேட்டையாம். சிரமமெல்லாம் வேட்டைக்காரனுக்கு. அதற்காக மான் ஏன் நன்றி பாராட்டவேண்டும்?

நம் நாட்டில் 1972ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பின் மான் வேட்டை குற்றம். நமக்கேன் இந்த வம்பு என்பீர்கள். நேர்மை என்ற சொல்லை யார் எங்கே பிடித்து இழுத்தாலும் எழுதுகிறவனுக்கு அது வம்புதான்.

அம்பு ரத்தத்தை வடித்துத்தான் கொல்லும். இரண்டு நுரையீரலையும் துளைத்தால் மான் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கஜத்துக்குள் விழுந்துவிடும். ஒரு சாண் பின்னால் போனால் ஈரல். இன்னும் பின்னால் இரைப்பை; அந்த மான் சாக அரை நாள்கூட ஆகும். ஆகவே மான் பக்கவாட்டில் நிற்கவேண்டும், அல்லது சற்று அப்பால் திரும்பி நிற்கவேண்டும். முகம் காட்டி நின்றால் வில்லை இறக்கிவிட வேண்டியதுதான்.

தூரமும் அப்படித்தான். இன்றைய வில்லின் அம்பு விநாடிக்குச் சுமார் 90 மீட்டர் போகிறது. நாணின் ஓசையோ 340 மீட்டர். முப்பது கஜத்திலேயே ஓசை முந்திவிடுகிறது. மிரண்ட மான் பாய்வதற்காகக் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்துகிறது; நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகில் ஏறுகிறது. இது தெரிந்தும் அறுபது கஜத்தில் எய்கிறவன், “என் வில் வேகமான வில்” என்கிறான். கடைக்காரன் சொன்னதை நம்பிவிட்டான், பாவம். ஓசையை முந்திய வில்லை எவனும் விற்றதில்லை.

எய்தவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, “நல்ல இடத்தில்தான் பட்டது.” அதை நம்பவே கூடாது, விரும்பியதைத்தான் அவன் கண் கண்டிருக்கும். அம்பை எடுத்துப் பார்க்கட்டும். இளஞ்சிவப்பாய் நுரைத்திருந்தால் நுரையீரல். அரை மணி பொறுத்துப் போகலாம். கறுத்த சிவப்பென்றால் ஈரல். நாலைந்து மணி நேரம். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் இரைப்பை. எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். பட்ட மானைச் சும்மா விட்டால் பெரும்பாலும் பக்கத்துப் புதரிலேயே படுத்துவிடும். அவசரப்பட்டுத் துரத்தினால், ரத்தத் தடம்கூட இல்லாமல் வெகுதூரம் போய் எங்கோ சாகும்.

“காத்திருந்தால் இறைச்சி கெட்டுப்போகுமே!” என்கிறார்கள். இருட்டும் நேரத்தில், மழை மேகத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு எய்யும்போது அந்தக் கணக்கு எங்கே போயிற்று? கயிற்றில் பிடித்த மோப்ப நாயைத் துணைக்கு அழைக்கப் பல மாகாணங்களில் அனுமதி உண்டு. அழைத்தால் குறி தவறியது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று கூசுகிறவர்களும் உண்டு!

நம் கோவை நூல்களில் ‘கலைமான் வினாதல்’ என்று ஒரு துறை. தலைவன் தினைப்புனத்துக்கு வந்து, என் அம்பு பட்ட மான் இப்பக்கம் வந்ததா என்று பெண்களைக் கேட்கிறான். மான் இருந்ததா என்பதே சந்தேகம். ஆனால் அந்தச் சாக்கு செல்லுபடியாவதற்கு ஒரு காரணம் உண்டு: எய்தவன் தேடி வருவான் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இந்தக் காலத்து வீரனோ சிறிது தூரம் நடந்துவிட்டு, “பிழைத்திருக்கும்” என்று திரும்பிவிடுகிறான். கிடைத்த மானுக்குத்தான் பொதுவாக அனுமதிச் சீட்டில் கணக்கு. கிடைக்காத மானுக்குக் கணக்கில்லை. மறு வாரம் இன்னொரு மான்.

ரத்தம் சிந்திப் போன மானை, கிடைக்காவிட்டாலும், தன் சீட்டில் எழுதிக்கொள்ளட்டும். அந்த வருஷம் வில்லைக் கழற்றி வைக்கட்டும். நேர்மை பேசுகிறவர்களிடம் இதற்குச் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள்.