பிடிமண் கொடுப்போம்



மேலூர் தாண்டி சிங்கம்புணரி பக்கம் போயிருந்தால், அய்யனார் கோயில்களில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். நேர்த்திக்கடன் என்று கும்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். ஓர் ஊரே கூடி ஒரு கலைஞரிடம் ஒப்படைத்த பணி அது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மண்குதிரைகளைச் சாமிக்குக் கொண்டுசெல்லும் புரவி எடுப்பு விழாவை நடத்துவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானதும், மண்பாண்டக் கலைஞரான வேளாருக்குப் பிடிமண் கொடுக்கிறார்கள். சாமியின் மண்ணில் ஒரு பிடி எடுத்து, வெற்றிலை பாக்கோடு அவர் கையில் சேர்ப்பார்கள். அவர் வாங்கிக்கொண்டால் பேச்சு உறுதி. அந்த ஒரு பிடி, கண்மாய்க் களிமண்ணோடு கலந்து குதிரைக்குள் போய்விடுகிறது. மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பக்குவமான மண்ணில் முதலில் நான்கு கால்கள் எழும்பும். அவை இறுகிப் பாரம் தாங்கும் என்று தெரிந்த பிறகே வயிறு, கழுத்து, தலை. உள்ளே கூடாக விட்டால்தான் சூளையில் வெடிக்காமல் வேகும். வண்ணம் தீட்டிக் கண் திறந்ததும் ஊர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடக்கிறது. செய்து கொடுத்த வேளாரே பல கோயில்களில் பூசாரியும்கூட. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் மதுரை வட்டார வேளார்களைப் பற்றி 1984-இல் முனைவர் பட்ட ஆய்வேடே எழுதினார்.

இந்த வழக்கத்தில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. பழைய குதிரைகளை யாரும் பூட்டிப் பாதுகாப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் சிதைந்து அவை மண்ணோடு சேர்கின்றன. அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை வேண்டும். மறுபடியும் வேளார் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். அதனால்தான் தகப்பன் கைவேலை மகன் கைக்கு வந்தது. ஊர் திரும்பத் திரும்ப வேலை கொடுத்ததால் கலை பிழைத்தது.

இன்றைய ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் இப்படி ஒரு பிடிமண்ணை நாம் கொடுக்கிறோமா? அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. மதுரையில் பிறந்த ஓவியர் டிராட்ஸ்கி மருது சென்னைக்குப் போய்த்தான் படித்தார். இன்றும் வரையத் தெரிந்த நம் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள். அவர்களைத் திரும்ப அழைக்கும் வேலை இங்கே குறைவு.

மற்ற இடங்களில் வழி பிறந்திருக்கிறது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் நிலம் வாங்கி, சென்னைக்கு வெளியே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். 2012-இல் தொடங்கிய கொச்சி பினாலே கலைக்கண்காட்சி பழைய கிடங்குகளைக் கண்காட்சிக் கூடங்களாக்கியது. 2020-இல் சென்னை கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில், அங்கே வாழும் மக்களின் முகங்கள் ஆளுயரத்தையும் தாண்டி எழுந்தன.

மதுரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இடத்துக்குப் பஞ்சமில்லை. 1959-இல் திறந்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 2023-இல் கீழடி அருங்காட்சியகமும் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்துவிட்டன. எந்த ஊரிலும் ஒரு பள்ளிச் சுவர், பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வீடு உண்டு. அந்த வீட்டை ஒரு கலைஞருக்குச் சில மாதம் தங்கக் கொடுக்கலாம். அவர் நம் கண்மாயையும் சந்தையையும் பார்த்து, நம்மோடு பேசிப் பழகிய பிறகு அந்தச் சுவரில் வரையட்டும். ஊரைக் கேட்காமல் வந்து இறங்கும் சிலையை ஊர் தன்னுடையதாக நினைப்பதில்லை. தன் மண் கலந்த வேலையைத்தான் அது தோளில் தூக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மதுரை அருகே சமணர் மலைப் பாறைச் சிற்பங்களின் அடியில், செய்யச் சொன்னவர்களின் பெயர் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. உளி பிடித்தவர் பெயரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர்க் குதிரையைச் செய்தவர் யார், கோயில் சுதைச் சிற்பத்தை எழுப்பியவர் யார், பள்ளிச் சுவரில் வரைந்தவர் யார் என்று விசாரியுங்கள். அவர்கள் சம்மதத்தோடு பெயரையும் வேலையையும் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் அவற்றை வெளியிடுவோம். அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு சுவரோ சிலையோ பேச்சுக்கு வந்தால், யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு அந்தப் பக்கங்கள் பதில் சொல்லும்.

அன்புடன்,
ஆசிரியர்