மார்கழிக் குளிரும் மகள் வீடும்

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அம்மாள் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ரிடையரான பள்ளிக்கூட ஆசிரியை; முத்து முத்தான கையெழுத்து. விஷயம் இதுதான்.

ஒரே மகள் லண்டனில் இருக்கிறாள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் உத்தியோகம். எட்டு வயதில் ஒரு பேத்தி. இந்த வருஷம் பங்குனியில் அம்மாளின் கணவர் காலமாகிவிட்டார். மகள் ஓடி வந்தாள். பன்னிரண்டு நாள் இருந்தாள். லீவு முடிந்து திரும்பிவிட்டாள். இப்போது, "கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்துவிடு அம்மா" என்று தினமும் டெலிபோன் செய்கிறாளாம். கொழுந்தனாரோ, "டிசம்பர் குளிரில் யாராவது லண்டனுக்குப் போவார்களா, மதினி? ஜூலையில் போனால் நாலு இடமாவது பார்க்கலாம்" என்று தடுக்கிறாராம். அம்மாளின் மனத்தில் இருப்பது வேறு.

"துக்க வருஷம். இந்தத் தடவை எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டப் போவதில்லை. பலகாரம் சுடப் போவதில்லை. அழுத முகத்தோடு போய் அந்தக் குழந்தையின் பண்டிகையை நான் ஏன் கெடுக்க வேண்டும்? போகலாமா, கூடாதா?" என்று கேட்கிறார்.

தனியாகப் பதில் போட்டிருக்கலாம். ஆனால், பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து குடித்தனம் செய்யும் வீடுகள் நம் வாசகிகளில் எத்தனை பேருக்கு! வேதக்காரர் ஆனாலும் சரி, மற்றவர்கள் ஆனாலும் சரி, "கிறிஸ்துமஸ் லீவுக்கு வாருங்கள்" என்ற அழைப்பு ஒரு நாள் உங்களுக்கும் வரத்தான் போகிறது. ஆகையால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போங்கள், அம்மா. டிசம்பரிலேயே போங்கள்.

முதலில் கொழுந்தனாரின் கட்சியைக் கவனிப்போம். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜூலை மாதம் லண்டனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பர் 21-ம் தேதி வாக்கிலோ, காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் தலை காட்டுவான். மாலை நாலு அடிப்பதற்குள் போய்விடுவான். பகல் முழுவதையும் கூட்டினாலும் எட்டு மணி நேரம் தேறாது. அதிலும் பெரும் பங்கை மேகம் எடுத்துக்கொள்ளும்.

சரி, வெண்பனியாவது உண்டா? சினிமாவில் பார்த்ததை நம்பிப் போனால் ஏமாற்றந்தான். லண்டனில் அநேக கிறிஸ்துமஸ்கள் மூட்டமும் தூறலுமாகவே கழிகின்றன. பிரிட்டிஷ் வானிலை இலாகா 'வெள்ளைக் கிறிஸ்துமஸ்' என்பதற்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது: 25-ம் தேதி இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு பனித் துகள் விழுந்தாலும் போதும். எவ்வளவு தாராளம், பாருங்கள்! நாடெங்கும் பரவலாகத் தரையில் பனி கிடந்த கிறிஸ்துமஸ் என்றால் 2010-ம் வருஷத்தைச் சொல்கிறார்கள்.

ஆகவே, ஊரைப் பார்ப்பதற்கு ஜூலைதான் சரி. மகளைப் பார்ப்பதற்கு டிசம்பரே சரி என்பது என் அபிப்பிராயம்.

ஜூலையில் போனால் என்ன நடக்கும்? திங்கள் முதல் வெள்ளி வரை மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். சனி, ஞாயிறு வந்தால் அரண்மனை, கோட்டை, பொருட்காட்சிசாலை என்று உங்களை அழைத்துக்கொண்டு சுற்றுவார்கள். நிறையப் படம் எடுத்துக்கொள்வீர்கள். நிதானமாக உட்கார்ந்து பேச அரை நாள் கிடைக்காமல் திரும்பி வருவீர்கள்.

டிசம்பர் 25-ம் தேதி அப்படியல்ல. அன்று லண்டனில் பாதாள ரயில் ஓடாது. டவுன் பஸ் ஓடாது. நாட்டின் மற்ற ரயில்களும் அநேகமாக எல்லாம் நின்றுவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளை அன்று திறக்கக் கூடாது என்று 2004-ல் சட்டமே செய்திருக்கிறார்கள். நம் ஊரில் பண்டிகை என்றால் கூடுதல் பஸ் விடுவார்கள். அங்கே இருக்கிற பஸ்ஸையும் நிறுத்திவிடுகிறார்கள்! உலகத்தின் பெரிய நகரங்களில் ஒன்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் உங்கள் மகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தகப்பனார் போன சில நாளில் அவள் விமானம் ஏறினாள். போய் இறங்கியதும் ஆபீஸ். வாசலுக்கு நாலு பேர் வந்து துக்கம் விசாரிக்கும் ஊர் அல்ல அது. உங்களுக்காவது பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்து, "ஸார் இருந்தால் இந்நேரம்..." என்று பேச்சை ஆரம்பிக்கிறாள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்கிறீர்கள். உங்கள் மகளிடம் அப்படி ஆரம்பிக்க யார் இருக்கிறார்கள்? மாப்பிள்ளை தங்கமானவராகவே இருக்கட்டும். மாமனார் சைக்கிளில் மகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதை அவர் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

மற்ற நாட்களில் அவளை ரயிலும் கம்ப்யூட்டரும் இழுத்துக்கொண்டு போய்விடும். 25-ம் தேதி அந்த இரண்டும் கிடையாது. "அம்மாவுக்குத் துணை வேண்டுமே" என்றுதான் அவள் சொல்லுவாள். துணை தேடுவது அவளுந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் போய் அவர்களுடைய பண்டிகையைக் கெடுப்பதாவது? அவளுக்கும் இது முதல் வருஷந்தானே!

இனிப் பிரயாண சமாசாரம். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே மனுப் போடலாம், தாமதிக்காமல் போட்டுவிடுங்கள். பார்வையாளர் விசாவில் சாதாரணமாக ஆறு மாதம் வரை தங்கலாம். டிசம்பர் நடுவில் டிக்கெட் விலை ஏறிவிடும்; முன்கூட்டியே வாங்குவது லாபம். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள். 25-ம் தேதி போய் இறங்கினால் விமான நிலையத்திலிருந்து வீடு போவதே பெரும் பாடு. தனியாகப் போகிறவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வைக்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. இதில் வெட்கம் எதற்கு?

பிரயாண இன்ஷூரன்ஸ் அவசியம். அங்கே வைத்தியம் இலவசம் என்பது அந்நாட்டில் வசிப்பவர்களுக்கு. பார்வையாளராகப் போனவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், சாதாரணக் கணக்கில் ஒன்றரை மடங்கு பில் வரும். ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். போட்டுக்கொள்வதானால் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும்.

குளிருக்குத் தடிமனான ஒரே கோட்டை நம்புவதைவிட, மெல்லிய உடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அணிவதே நல்லது. சேலைக்கு உள்ளே தெர்மல் உடுப்பு, மேலே கம்பளி, அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. சேலையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டுங்கள், தெருவெல்லாம் ஈரம். செருப்புக்கு அங்கே வேலையில்லை. வழுக்காத அடியுள்ள ஷூ வேண்டும். வீட்டுக்குள்ளே குழாயில் வெந்நீர் ஓடிச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் உதடும் காலும் வறண்டு வெடிக்கும். தேங்காய் எண்ணெயை மறக்க வேண்டாம்.

பெட்டியில் எதை வைக்கக் கூடாது? நெய், பால்கோவா முதலிய பால் பண்டங்களையும், இறைச்சி வகைகளையும் நம் நாட்டிலிருந்து கொண்டு போகத் தடை இருக்கிறது. பச்சைக் காய், இலை தழைகளுக்கும் பெரும்பாலும் அத்தாட்சிப் பத்திரம் கேட்பார்கள். கறிவேப்பிலையை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஈஸ்ட்ஹாம், வெம்ப்ளி, டூட்டிங் பக்கம் போனால், நம்மவர்களும் இலங்கைத் தமிழர்களும் நடத்தும் கடைகளில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கும்.

பலகாரத்துக்கு வருகிறேன். துக்க வருஷத்தில் நீங்கள் அடுப்பில் சட்டி வைக்க மாட்டீர்கள். ஆனால் அண்டை அயலார் கொண்டுவந்து கொடுப்பார்கள் அல்லவா? இந்தத் தடவை கொஞ்சம் முன்னாலேயே சுட்டுத் தரச் சொல்லுங்கள். முந்திரிக் கொத்து, முறுக்கு, அச்சு முறுக்கு எல்லாம் பல நாள் கெடாமல் இருக்கும். டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இது எதிர் வீட்டில் கொடுத்தது, இது உன் கணக்கு டீச்சர் கொடுத்தது என்று மகளிடம் பிரித்துக் கொடுங்கள். உங்களுக்கு வாசலில் வந்து விசாரித்தவர்களே அவளுக்கும் வந்து விசாரித்த மாதிரி இருக்கும்.

பேத்திக்குப் பள்ளிக்கூடம் ஏறக்குறைய இரண்டு வாரம் லீவு. ஒரு நாள் சாயங்காலம் அவளை அழைத்துக்கொண்டு டிரஃபால்கர் சதுக்கத்துக்குப் போய் வாருங்கள். அங்கே இருபது மீட்டருக்கும் உயரமான ஸ்ப்ரூஸ் மரம் ஒன்று நிற்கும். 1947-லிருந்து ஆஸ்லோ நகரத்தார் வருஷந்தோறும் அனுப்பும் மரம் அது. இரண்டாவது உலக யுத்தத்தில் நார்வேயை ஜெர்மனி பிடித்துக்கொண்டபோது, அந்நாட்டு அரசர் ஹாகோனும் அவர் சர்க்காரும் லண்டனில்தான் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அந்த நன்றிக்காகத்தான் மரம். ஜரிகை, பொம்மை ஒன்றும் இல்லாமல் வெள்ளை விளக்குகளை மட்டும் மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பேத்திக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். "தாத்தாவுக்கு நாம் என்ன செய்யலாம்?" என்று அவளே கேட்டாலும் கேட்பாள். எட்டு வயதுக் குழந்தைக்குத் தாத்தா இல்லை என்பது தெரியாதா? வீட்டில் யாரும் பேசாமல் இருந்தால், பேசக் கூடாத விஷயம் போலிருக்கிறது என்று அதுவும் வாயை மூடிக்கொள்ளும்.

கோயில் விஷயம். உங்கள் சபையில் 25-ம் தேதி அதிகாலை 5 மணிக்கு ஆராதனை என்று எழுதியிருக்கிறீர்கள். லண்டன் கடிகாரம் குளிர்காலத்தில் நம்முடையதற்கு ஐந்தரை மணி பின்னால் ஓடுகிறது. இங்கே 25-ம் தேதி காலை 5 மணி என்றால், அங்கே 24-ம் தேதி இரவு 11.30. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்கள் பலவற்றில் நள்ளிரவு ஆராதனை அந்த நேரத்துக்குத்தான் தொடங்குகிறது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை ஏற்பட்டபோது அதில் சேர்ந்த சபைகளில் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்றாகையால், முறை உங்களுக்கு அந்நியமாக இராது. நீங்களும் மகளும் அங்கே எழுந்து நிற்கும் நேரத்தில், இங்கே உங்கள் வழக்கமான பெஞ்சில் பக்கத்து அம்மாளும் எழுந்து நிற்பாள்.

மறுநாள் மத்தியானம் பெரிய விருந்து. வான்கோழி, உருளைக்கிழங்கு, குட்டிக் கோசு. கடைசியில் புட்டிங். அந்தப் புட்டிங்கைச் சில வாரங்களுக்கு முன்பே கிளறி வைத்துவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு தடவை கரண்டியைப் பிடித்துக் கிளற வேண்டும் என்பது பழைய வழக்கம். சைவ வாசகிகளுக்கு ஒரு வார்த்தை: பழைய முறைப் புட்டிங்கில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பார்கள், அது சேராததும் கடையில் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். 'மின்ஸ் பை' என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இந்தக் காலத்தில் உள்ளே இருப்பது உலர்ந்த பழமும் பட்டை, கிராம்பு, ஜாதிக்காயும். சாப்பாட்டு மேஜையில் 'கிராக்கர்' என்று காகிதக் குழல் வைப்பார்கள். 1840-களில் லண்டன் மிட்டாய்க் கடைக்காரர் டாம் ஸ்மித் கண்டுபிடித்தது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இழுத்தால் 'பட்'டென்று வெடித்துக் காகிதக் கிரீடம் வரும். பேத்தி அதை உங்கள் தலையில் வைக்க வந்தால் துக்க வருஷம் என்று தள்ளிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்று மணிக்கு அரசர் பேசுவார். 1932-ல் ஐந்தாம் ஜார்ஜ் ரேடியோவில் தொடங்கிய வழக்கம் அது. அவர் பேசி முடித்துச் சற்று நேரத்துக்கெல்லாம் இருட்டிவிடும். பாத்திரம் கழுவியாகிவிட்டது, வெளியே போக வழியில்லை, நாலு மணிக்கே ராத்திரி. துக்கப்பட்ட வீட்டில் அதுதான் கஷ்டமான நேரம். உங்கள் மகள் அந்த நேரத்தில் தனியாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன். காபி போட்டுக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா என்ன செய்தார் தெரியுமா..." என்று நீங்களே ஆரம்பித்துவிடுங்கள். இரண்டு பேரும் அழுதால் அழுங்கள். பேத்தியும் வந்து உட்காரட்டும். அவள் தாத்தாவின் கதை அவளுக்கும் சொந்தம்.

புறப்படுவதற்கு முன் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, சாயங்காலம் ஆனதும் வாசல் விளக்கை மாத்திரம் போடச் சொல்லிவிட்டுப் போங்கள். நட்சத்திரம் அடுத்த வருஷம் கட்டிக்கொள்ளலாம். கொழுந்தனாருக்கு ஊர் பார்க்க ஆசையிருந்தால், ஜூலையில் அவர் ஒரு நடை போய் வரட்டுமே!