எங்களுக்கு மிச்சம் சனிக்கிழமைதான்

கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே ஓடுவது மூடா ஆறு. மெர்டேக்கா பாலத்தில் அதைக் கடக்க மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நாள்காட்டியே மாறிவிடுகிறது.

சுங்கைப்பட்டாணியில் குடியிருந்துகொண்டு பிறை, புக்கிட் மெர்தாஜாம், பாயான் லெப்பாஸ் என்று வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் தாமானில் பாதிப் பேர் இருப்பார்கள். விடியுமுன்பே சந்து முனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். சிலர் கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த் வரை போகிறார்கள். மற்றவர்களுக்கு மோட்டார் சைக்கிள்தான். நெடுஞ்சாலையில் அதற்கு டோல் இல்லை. அங்கேயே குடிபோகலாமே என்று கேட்பவர்கள் பினாங்கில் வீட்டு விலை விசாரித்துப் பார்க்காதவர்கள். எங்களுக்கு வீடு இங்கே, பெற்றோர் இங்கே, பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி இங்கே. சம்பளம் மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

நானும் மனைவியும் பிறையில் வேலை செய்கிறோம். மகன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வியாழன் மாலையே அவனுக்கு லீவு தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை முழுக்க அவன் என் அம்மாவோடு இருப்பான். அம்மாவோடு என்பதைவிடக் கைப்பேசியோடு என்பதே சரி. ஞாயிறு எங்களுக்கு லீவு. அன்று அவன் காலையிலேயே சீருடை போட்டுக்கொண்டு நிற்பான். ஞாயிறு காலை எங்கள் பள்ளி வாசலைப் பார்க்க வேண்டும். மற்ற நாள்களில் வேன்கள் நிற்கும் இடத்தில் அன்று அப்பாக்கள் நிற்பார்கள், பலர் கைலியோடு. வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையைப் பள்ளியில் கொண்டுவிட வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன?

பொது விடுமுறைகளும் இப்படித்தான். ஜூலை 7 பினாங்கில் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நாள். எனக்கு லீவு, அவனுக்குப் பள்ளி. நோன்பு தொடங்கும் முதல் நாள் கெடாவில் விடுமுறை. அவன் வீட்டில் இருப்பான், நான் வேலையில் இருப்பேன். ஜனவரி 1 பினாங்கில் விடுமுறை, கெடாவில் இல்லை. சமையலறையில் இரண்டு காலண்டர் தொங்குகின்றன. எதைப் பார்ப்பது என்று அம்மாவுக்கு இன்னும் குழப்பம்.

நன்மை இல்லாமலும் இல்லை. கெடாவில் ஞாயிறன்று வங்கி திறந்திருக்கும், பதிவிலாகா, நில அலுவலகம் எல்லாம் திறந்திருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ஆண்டு விடுப்பு எடுத்துச் செய்யும் வேலைகளை நாங்கள் லீவு எடுக்காமலேயே முடித்துவிடுவோம். அந்த வகையில் எங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்தான்.

ஆக, குடும்பம் முழுவதும் வீட்டில் இருக்கும் நாள் சனி ஒன்றுதான். அந்த ஒரு நாள்மீது எத்தனை பேர் கண் வைக்கிறார்கள் தெரியுமா? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் சனிக்கிழமை. கோயில் கூட்டுப்பணி சனிக்கிழமை. டியூஷன், கருமக்கிரியை, பிறந்தநாள் எல்லாம் சனிக்கிழமை. எல்லாவற்றுக்கும் மேலே தொழிற்சாலையின் ஓ.டி.யும் அன்றுதான். ஓ.டி. என்றால் ஒன்றரை மடங்கு சம்பளம். வீட்டுக் கடன் கட்டுகிறவன் எளிதில் வேண்டாம் என்று சொல்லமாட்டான். மாதம் இரண்டு சனி ஓ.டி.க்குப் போனால் ஆண்டுக்கு 24. மிச்சம் 28. அதில் கல்யாணமும் சாவும் எடுத்துக்கொண்டது போக என் மகனுக்கு எத்தனை வரும் என்று ஒருநாள் விரல்விட்டு எண்ணினேன். பதினைந்தைத் தாண்டவில்லை. "காசு வரும்ப்பா, பையன் வளந்துருவான்" என்று அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

ஜொகூர்க்காரர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. அங்கே 2014-இல் வெள்ளி, சனி விடுமுறை வந்தது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் என் அத்தை மகன் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறினேன் என்று படம் அனுப்பினான். கெடாவும் அப்படி மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை நாள். இங்குள்ள பெரும்பாலோரின் வாழ்க்கை அதைச் சுற்றி அமைந்தது. நான் கேட்பது தொழிற்சாலைகளிடம். கெடாவிலிருந்து பஸ் வைத்து ஆள் ஏற்றத் தெரிந்த முதலாளிக்கு, அந்த ஆளின் வீட்டில் என்றைக்கு லீவு என்பதும் தெரிந்திருக்க வேண்டாமா?

வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தரச் சொல்கிறது. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதோடு 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலமே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதும் உண்மை. ஆனால் வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதிலோடு முடிந்துபோகும் விஷயம், கடிதமாகக் கொடுத்தால் கோப்பில் ஏறிவிடுகிறது.

எங்கள் பகுதியில் கெடாவிலிருந்து வரும் ஆறு பேர் தனித்தனியாக எழுதிக் கொடுத்தோம். சனியை ஓய்வு நாளாக்குங்கள், ஞாயிறு வேலைக்கு வருகிறோம் என்பதே கோரிக்கை. மேற்பார்வையாளர் முதலில் சிரித்தார். ஞாயிறு வர ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறவர் அவர்தான் என்பதால் பிறகு யோசித்தார். ஏழாவது வாரம் பதில் வந்தது: மூன்று மாதம் பரிசோதனை. இதில் எங்களுக்கு நட்டமும் உண்டு. ஞாயிறு வங்கி வேலை போயிற்று, பள்ளி வாசலும் போயிற்று. மகன் அதைத்தான் முதலில் கேட்டான்: "அப்ப சண்டே யாருப்பா என்னைக் கொண்டுவிடுவா?" வேன்தான் என்றேன். முகம் சுளித்தான். சனிக்கிழமை மீன்பிடிக்கப் போகலாம் என்றதும் தூண்டில் விலை கேட்கத் தொடங்கிவிட்டான்.

உங்கள் நிலையும் இதுவானால் கடிதத்தை அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள், மலாயில் போதும். எந்த நாள், எந்த நேரம் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். நகல் ஒன்று வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்ட தேதியைப் போட்டு அலுவலகத்தில் கையெழுத்து வாங்குங்கள். 60 நாளை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.