ஒரு 'ஆர்' விட்டுப்போன கதை: ஹெடர் பெயரை வெறும் ஸ்ட்ரிங்காக விடலாமா?

1996 மே மாதம் வெளியான ஹெச்டிடிபி 1.0 ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழை அப்படியே தங்கிவிட்டது. லிங்க்கை க்ளிக் செய்து வருபவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று சர்வருக்குச் சொல்லும் ஹெடரின் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கில ஸ்பெல்லிங்படி அதன் நடுவே இரண்டு 'ஆர்' வர வேண்டும். வந்தது ஒன்றுதான். அதற்குள் பிரவுசர்களும் சர்வர்களும் அந்தப் பெயருக்குப் பழகிவிட்டன. இன்றுவரை பிழையான பெயர்தான் செல்லுபடி. இதில் காமெடி, பிறகு வந்த 'ரெஃபரர்-பாலிசி' ஹெடரில் ஸ்பெல்லிங் சரியாக இருக்கிறது!

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பாவத்துக்கு ஒரு டெவலப்பர் இரண்டு 'ஆர்' போட்டு அந்த ஹெடரைத் தேடினால் எதுவும் கிடைக்காது. எரர் வராது. கம்பைலர் கண்டுகொள்ளாது. 'ஹெடர் வரலை போல' என்று புரோகிராம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கூகுளில் பிறந்த 'கோ' மொழியை உருவாக்கியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். அதன் வெப் லைப்ரரியில் இந்த ஹெடரை எடுக்கத் தனி மெத்தட் உண்டு. காரணத்தையும் கோடிலேயே குறிப்பாக எழுதிவைத்திருக்கிறார்கள்: மெத்தட் பெயரைச் 'சரியான' ஸ்பெல்லிங்கில் எழுதினால் கம்பைலர் பிடித்துவிடும், மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காக எழுதினால் பிடிக்க முடியாது. அருமையான யோசனை. ஆனால் அந்த மொழியில் இந்தச் சலுகை விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஹெடர்களுக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் ஸ்ட்ரிங்தான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அது என்ன ஹெடர்?

கூரியர் பார்சல் மேல் ஒட்டியிருக்கும் ஸ்லிப் மாதிரிதான். உள்ளே இருப்பது படமா, எழுத்தா? பதில் எந்த மொழியில் வேண்டும்? கேட்பவர் லாக்-இன் செய்தவரா? ஒவ்வொன்றும் 'பெயர்: மதிப்பு' என ஒரு வரி. ஃபோனில் ஆப்பைத் திறந்தாலே இப்படிப் பல வரிகள் பின்னணியில் போய் வருகின்றன. சர்வர் பக்கம் கோடு எழுதுபவர் இவற்றை நேரடியாகப் படிப்பதில்லை; ஒரு லைப்ரரி படித்துக் கொடுக்கிறது. அந்த லைப்ரரி, பெயரை எந்த உருவத்தில் கொடுக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

ஹெடர் பெயரில் கேபிட்டல், ஸ்மால் லெட்டர் வித்தியாசம் பார்க்கக் கூடாது என்பது விதி. (தமிழுக்கு இந்தத் தொல்லையே இல்லை.) ஆனால் புரோகிராமில் ஸ்ட்ரிங் என்றால் ஒரே ஓர் எழுத்து கேபிட்டலாக மாறினாலும் அது வேறு ஸ்ட்ரிங். இந்த இடைவெளியை ஒவ்வொரு லைப்ரரியும் ஒவ்வொரு விதமாக ஒட்டுப்போட்டிருக்கிறது. நோட் ஜேஎஸ் எல்லாவற்றையும் ஸ்மால் லெட்டராக்கிவிடும். பைத்தானின் 'ரிக்வெஸ்ட்ஸ்' லைப்ரரி, கேபிட்டல் பார்க்காத தனி டிக்ஷனரி வைத்திருக்கிறது. 'கோ' மொழி முதல் எழுத்தையும், ஹைஃபனுக்கு அடுத்த எழுத்தையும் மட்டும் கேபிட்டலாக்கும். அதனால் இரண்டு கேபிட்டல் உள்ள 'ஈடேக்' அங்கே ஒன்றை இழந்துவிடும். மெத்தட் வழியாகக் கேட்டால் எப்படி எழுதினாலும் கிடைக்கும். மேப்பில் நேரடியாகக் கை வைத்து ஸ்மால் லெட்டரில் தேடினால் வெறுங்கைதான்.

2015-ல் வந்த ஹெச்டிடிபி 2 இன்னொரு திருப்பம். அதில் ஹெடர் பெயர்கள் ஸ்மால் லெட்டரில் மட்டுமே பயணிக்க வேண்டும். கேபிட்டல் வந்தால் அந்த ரிக்வெஸ்டே செல்லாது. பல வருடமாகக் 'கன்டென்ட்-டைப்' என்பதைக் கேபிட்டலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த கோடு, சர்வருக்கு முன்னால் இருக்கும் லோட் பேலன்சரை மாற்றிய அன்று படுத்துவிட்டால், அதை எழுதியவரைத் திட்டி என்ன பயன்?

'ஸ்மால் லெட்டராக்கிட்டு ஒப்பிட்டா முடிஞ்சது' என்று தோன்றலாம். முடியவில்லை. துருக்கி மொழியில் புள்ளி வைத்த 'ஐ', புள்ளி இல்லாத 'ஐ' என்று இரண்டு எழுத்துகள் உண்டு. ஜாவாவில் மொழியைக் குறிப்பிடாமல் ஸ்மால் லெட்டராக்கச் சொன்னால், அது கம்ப்யூட்டரின் மொழி செட்டிங்கைப் பார்க்கும். துருக்கி செட்டிங் உள்ள சர்வரில் 'இஃப்-மாடிஃபைட்-சின்ஸ்' ஹெடரின் முதல் எழுத்து புள்ளி இல்லாத 'ஐ' ஆகிவிடும். பிறகு அது எந்த ஹெடரோடும் பொருந்தாது.

இது டெவலப்பர் தலைவலி மட்டும் இல்லை

பழைய சிஜிஐ முறையில், வந்த ஹெடர் பெயர் முழுவதையும் சர்வர் கேபிட்டலாக்கி, ஹைஃபனை அண்டர்ஸ்கோராக்கி, முன்னால் 'ஹெச்டிடிபி' என்று சேர்த்து, சிஸ்டத்தின் சூழல் மாறிகளோடு போட்டுவிடும். சரி, 'ப்ராக்ஸி' என்ற பெயரில் ஒரு ஹெடரை யாராவது அனுப்பினால்? அது 'ஹெச்டிடிபி ப்ராக்ஸி' என்ற மாறியாகிவிடும். 'வெளியே போகும் ட்ராஃபிக்கை எந்த வழியாக அனுப்ப வேண்டும்' என்று பல லைப்ரரிகள் பார்ப்பதும் அதே பெயரைத்தான். விளைவு, முகம் தெரியாத ஒருவர் ஒரே ஒரு வரியில் சர்வரின் வெளி ட்ராஃபிக்கைத் தன் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட முடிந்தது. பெர்ல் லைப்ரரி ஒன்றில் 2001-லேயே கண்டுபிடித்துச் சரிசெய்த இந்த ஓட்டை, 2016 ஜூலையில் 'ஹெச்டிடிபாக்ஸி' என்ற பெயரில் மறுபடி வெளிவந்தபோது பிஹெச்பி, பைத்தான், கோ வரை பாதிப்பு இருந்தது. 15 வருடம்!

2015 ஜனவரியில் ஜாங்கோவும் இதே குடும்பத்துச் சிக்கலை அடைக்க வேண்டியிருந்தது. ஹைஃபனோடு வரும் பெயரும் அண்டர்ஸ்கோரோடு வரும் பெயரும் உள்ளே போனதும் ஒன்றாகிவிடும். பயனர் யார் என்பதை ஒரு ஹெடர் வழியாகச் சொல்லும் அமைப்பில், முன்னால் நிற்கும் ப்ராக்ஸி, வெளியிலிருந்து வரும் ஹைஃபன் பெயரை மட்டும் வடிகட்டினால் போதாது. அண்டர்ஸ்கோர் பெயரில் போலி அடையாளம் உள்ளே நுழைந்துவிடும். அதன் டெவலப்மென்ட் சர்வர், அண்டர்ஸ்கோர் உள்ள ஹெடர்களையே தூக்கிப்போடும்படி மாற்றப்பட்டது.

இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். ஹெடர் பெயர் தன் அடையாளத்தை இழந்து, மற்ற ஸ்ட்ரிங்குகளோடு கலந்துவிட்டது. அதனால்தான் லைப்ரரிகள் ஹெடர் பெயருக்குத் தனி டைப் கொடுக்க வேண்டும். உருவாகும்போதே ஸ்பேஸ், புதுவரி போன்ற ஆகாத எழுத்துகளைத் தடுக்க வேண்டும். உள்ளே ஒரே வடிவில் வைத்திருக்க வேண்டும். தெரிந்த ஹெடர்களை முன்கூட்டியே கான்ஸ்டன்ட்டாகத் தர வேண்டும். ரஸ்ட் மொழியின் 'ஹெச்டிடிபி' லைப்ரரி இதைத்தான் செய்கிறது. அங்கே ரெஃபரர் கான்ஸ்டன்டில் இரண்டு 'ஆர்' போட்டால் புரோகிராம் கம்பைலே ஆகாது.

'நாலு ஹெடருக்கு இது ஓவர் இன்ஜினியரிங்' என்பவர்கள் இருக்கிறார்கள். சின்ன ஸ்க்ரிப்ட் எழுதுபவருக்கு அது நியாயம்தான். ஆனால் ஆயிரம் பேர் நம்பியிருக்கும் லைப்ரரியை எழுதுபவர் இதைச் சொல்லக் கூடாது. ரஸ்ட் முறையிலும் எரிச்சல் இல்லாமல் இல்லை: நிலையான பெயர் உருவாக்கும்போது ஒரு கேபிட்டல் லெட்டர் வந்தால் புரோகிராமே நின்றுவிடலாம். விதியை மதிக்காமல், கேபிட்டல் இருந்தால்தான் பேசுவேன் என்று அடம்பிடிக்கும் பழைய சர்வர்களும் இருக்கின்றன. அவற்றுக்காக 'ஹைப்பர்' லைப்ரரி, அனுப்பும்போது மட்டும் கேபிட்டலாக்கும் ஒரு செட்டிங் வைத்திருக்கிறது. விதிவிலக்கு இருக்க வேண்டிய இடம் அதுதான், வெளியே போகும் வாசலில்.

பழைய லைப்ரரிகளும் மெதுவாக இந்தப் பக்கம் வருகின்றன. ஜாங்கோ 2019-ல் வெளியிட்ட 2.2 பதிப்பில்தான் ஹெடர்களை அவற்றின் சொந்தப் பெயரிலேயே, கேபிட்டல் பார்க்காமல் எடுக்கத் தனி வழி வந்தது. அதற்கு முன்பு கேபிட்டலும் அண்டர்ஸ்கோருமான அந்த நீளப் பெயர்தான் ஒரே வழி. அந்தப் பழைய கதவு இன்னும் மூடப்படவில்லை.