நிழல் மரத்தை வெட்டும் முன் அண்ணாந்து பாருங்கள்

நாகலூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவரா நீங்கள்? மஞ்சக்குட்டை, வாழவந்தி, வெள்ளக்கடை என்று சேர்வராயன் மலையில் வேறு எந்த ஊராக இருந்தாலும் சரி. பழம் பறிப்பு முடிந்து ஆட்கள் ஓய்ந்ததும் உங்கள் மனதில் அடுத்து வரும் கணக்கு நிழல் கழிப்புதான். எந்தக் கிளையைக் கழிப்பது, எந்த மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சில்வர் ஓக் வைத்து மிளகு ஏற்றுவது என்று யோசிப்பீர்கள். அரிவாளோடு ஆள் மரம் ஏறுவதற்கு முன் ஒரு காலை நேரம், கால் மணி நேரம் மட்டும், அந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

பறவைகளைக் காப்போம் என்று ஏற்காட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கிறது. ஏரிக்கரையில் பலகை வைக்கிறார்கள். சுற்றுலா வருபவர்கள் படம் பிடித்துப் போகிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்த மலையில் எந்தப் பறவை இருக்கும், எது இருக்காது என்பதைத் தீர்மானிப்பவர் சுற்றுலாப் பயணி அல்ல, நிழல் மரத்துக்குச் சொந்தக்காரரான விவசாயி. அவரிடம் பேசாத விழிப்புணர்வு பாதி வேலைதான். அவருக்கு என்ன லாபம், என்ன செலவு என்று சொல்லாமல் பேசினால் அந்தப் பாதியும் வீண்.

விவசாயி காத்த பறவைகள்

பறவைக்கும் விவசாயிக்கும் உள்ள உறவுக்கு உலகம் அறிந்த உதாரணம் கடல்பறவைகள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் கரையோரத் தீவுகளில் நீர்க்காகங்கள், கூழைக்கடாக்கள் போன்றவை லட்சக்கணக்கில் கூடும். கடலில் நெத்தலி வகை மீன் ஏராளம். மழையோ பெய்வதே இல்லை. அதனால் எச்சம் கரையாமல் பல மீட்டர் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. 1840களிலிருந்து அதைக் கப்பல் கப்பலாக வெட்டி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உரமாக அனுப்பினார்கள். யூரியா வருவதற்கு முந்தைய காலம் அது. சில பத்தாண்டுகளில் குவியலும் தீர்ந்தது, கூடு கட்ட இடமில்லாமல் பறவைகளும் குறைந்தன. 1909இல் அந்த நாடு உர நிறுவனம் ஒன்றை அமைத்துத் தீவுகளுக்குக் காவல் போட்டது. பறவைகள் திரும்பப் பெருகின. இரக்கத்தால் செய்த காரியம் அல்ல அது. வயலுக்கு உரம் வேண்டும் என்பதால் செய்தது.

அந்தக் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. பின்னாளில் மீன்பிடிப்பு அளவு கடந்து போனபோது, தீவில் காவல் இருந்தும் பறவைகள் மறுபடி சரிந்தன. தங்க இடம் கொடுத்துவிட்டு உணவை எடுத்துக்கொண்டால் பறவை நிற்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் தோட்டத்துக்கும் இது பொருந்தும்.

இதற்கு முன்னோடி நம் வேடந்தாங்கல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக லயனல் பிளேஸ் இருந்தபோதே, ஏரியில் தங்கும் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் உத்தரவு வாங்கிவிட்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி மக்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இந்த ஊர்களில் பறவைகளைக் காத்தவர்கள் விவசாயிகள். சரணாலயப் பலகை பிறகுதான் வந்தது.

நம் மலையில் என்ன லாபம்?

சேர்வராயன் மலையில் ஏரி நிறையப் பறவைகள் வந்து எச்சமிடுவதில்லை. இங்கே லாபம் வேறு வழியில் வருகிறது: பூச்சி.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காபி வந்தது. அன்று முதல் இங்கே காபி நிழலில்தான் வளர்கிறது. பிரேசிலைப் போல வெட்டவெளியில் வளர்க்கும் காபி அல்ல நம்முடையது. அதனால்தான் காபித் தோட்டம் பறவைக்குக் காட்டுக்கு அடுத்த வீடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கர்நாடகப் பகுதியில் காபி, ரப்பர், பாக்குத் தோட்டங்களை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில் 200க்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாயின. மூன்றிலும் காபித் தோட்டங்களே முன்னால் நின்றன.

இந்தப் பறவைகள் சும்மா இருப்பதில்லை. கோஸ்டாரிகா நாட்டில் சில காபிச் செடிகளை வலை போட்டு மூடி, பறவை நுழையாமல் செய்து பார்த்தார்கள். பறவை வந்து போன செடிகளில் காய்த்துளைப்பான் தாக்குதல் ஏறக்குறைய பாதியாக இருந்தது என்று 2013இல் அறிவித்தார்கள். ஜமைக்காவில் 2010இல் வெளியான ஆய்வு, இந்தச் சேவையின் மதிப்பை எக்டேருக்கு சுமார் 310 டாலர் என்று கணக்கிட்டது. அந்தத் தொகை நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பூச்சி அதே பூச்சிதான். காய்த்துளைப்பான் இந்தியாவில் முதன்முதலில் 1990இல் நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியில் தென்பட்டது. இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வண்டு, காய்க்கு வெளியே வரும் நேரத்தில் சின்னக் குருவியின் வாயில் அகப்படும். ஜமைக்காவில் இந்த வேலையைச் செய்தவை பெரும்பாலும் குளிர்காலத்தில் வலசை வரும் சிறு கதிர்க்குருவிகள். நம் தோட்டங்களுக்கும் இமயமலைப் பக்கமிருந்து பச்சைக் கதிர்க்குருவி போன்றவை குளிர்காலத்தில் வருகின்றன. பழம் பழுக்கும் மாதங்களில் நாள் முழுக்க இலை இலையாகப் பூச்சி பொறுக்குகின்றன. கூலி கேட்பதில்லை.

அரபிக்கா வைத்திருப்பவருக்குத் தண்டுத்துளைப்பான்தான் பெரிய தலைவலி. அதற்கு மரங்கொத்தி போதும் என்று நான் சொல்ல மாட்டேன். தண்டுக்குள் போன புழுவை எல்லாப் பறவையும் எடுத்துவிட முடியாது. தாக்கிய செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எரிக்கும் வேலையை நீங்கள் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அந்த வண்டு வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிடும். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் அது பறக்கும் காலத்தில் தோட்டத்தில் நல்ல நிழல் இருப்பதே முதல் பாதுகாப்பு. பறவைக்காக விடும் மரமும் தண்டுத்துளைப்பானுக்கு எதிராக விடும் மரமும் ஒன்றே என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

சில்வர் ஓக் மட்டும் போதுமா?

சில்வர் ஓக்கைக் குறை சொல்ல மாட்டேன். நேராக வளர்கிறது, மிளகுக்குத் தோதானது, அவசரத்துக்கு விற்றால் பணம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை சில்வர் ஓக் கொடுத்த வீடுகள் இந்த மலையில் பல உண்டு. ஆனால் அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். பழம் இல்லை, பொந்து குறைவு, நிழலும் மெலிது. தோட்டம் முழுக்க அது ஒன்றே ஆகிவிட்டால் பறவைக்கு நிற்க இடம் இருக்கும், சாப்பாடு இருக்காது. பெருவின் கதை மாதிரிதான்.

அத்தி, இச்சி, ஆல் போன்றவை வேறு மரங்கள் பழுக்காத காலத்திலும் ஏதாவது ஒன்று பழுத்து நிற்கும். குக்குறுவானும் சின்னானும் பச்சைப்புறாவும் அங்கேதான் கூடும். பிப்ரவரி, மார்ச்சில் கல்யாண முருங்கை பூத்தால் மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டும் வந்துவிடும். வந்த கரிச்சான் தேனை மட்டும் குடித்துவிட்டுப் போகாது, பறக்கும் பூச்சியையும் பிடிக்கும். பட்டுப்போன ஒரு தடிமரம் ஆள் நடமாட்டமில்லாத மூலையில் நின்றால் மரங்கொத்தி பொந்து போடும். அது விட்டுப்போன பொந்தில் மைனாவும் பட்டாணிக்குருவியும் குடியேறும்.

நிழலைக் கழிக்கவே கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிழல் மிஞ்சினால் விளைச்சல் குறையும், ஈரம் தேங்கிக் காயும் இலையும் அழுகும். கிளையைக் கழியுங்கள், மரத்தை விடுங்கள். ஓடைக்கரையிலும் வேலியோரத்திலும் காபி நன்றாக வராத பாறைச் சரிவிலும் ஏக்கருக்கு ஓர் அத்தியோ இச்சியோ நின்றால் பெரிய இழப்பு வராது. பாறைச் சரிவு என்றதும் ஒன்று: மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அழிய வாய்ப்புள்ள இனம் என்று பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. சேர்வராயன் மலையும் அதன் வீடுகளில் ஒன்று. உங்கள் பட்டாவில் பயனில்லை என்று கிடக்கும் கரட்டுப் புதர் அதற்குப் பயனுள்ள இடம். கோடையில் அதற்குத் தீ வைக்காமல் விட்டாலே போதும்.

செலவை யார் ஏற்பது?

இதுவரை விவசாயியிடம் கேட்டேன். இனி மற்றவர்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.

முதலில் அரசு. மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். காட்டைக் காக்க வந்த சட்டம் அது, வேண்டியதுதான். ஆனால் ‘நாட்டு மரத்தை நட்டால் நாளைக்கு நம் மரத்தையே நாம் தொட முடியாது’ என்ற பயம் விவசாயிகளிடம் இருக்கிறது. அந்தப் பயம்தான் பல தோட்டங்களில் பலா, சந்தன வேம்பு இருந்த இடத்தில் சில்வர் ஓக்கை நிறுத்துகிறது. தன் கையால் நட்டுப் பதிவு செய்த நாட்டு மரத்துக்கு எளிய, காலக்கெடு உள்ள அனுமதி முறை வேண்டும். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் மலைத் தோட்டங்களுக்குத் தரும் கன்றுகளில் அத்தியும் இச்சியும் நாவலும் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்து காபி வாங்குபவர்கள். ‘சேர்வராயன் காபி’ காபி வாரியம் தனியாக அடையாளம் கொடுத்த வட்டாரக் காபிகளில் ஒன்று. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பறவைக்கு உகந்த காபி என்று சான்று தருகிறது. இயற்கை விவசாயம், குறைந்தது 40 சதவீத நிழல், பல வகை நாட்டு மரங்கள் ஆகியவை அதன் நிபந்தனைகள். நிழலும் மரமும் நம் பழைய தோட்டங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இரண்டு ஏக்கர்காரர் தனியாகச் சான்றுக்குப் பணம் கட்ட முடியாது. காபி வாரியமும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சேர்ந்து குழுவாக வாங்கித் தர வேண்டும். ஏற்காட்டில் அறை எடுத்துத் தங்கிப் பறவையைப் படம் பிடிப்பவர், அந்தப் பறவை நின்ற மரத்தடிக் காபிக்கு நாலு ரூபாய் கூடக் கொடுக்கலாம். அதுவும் பறவைப் பாதுகாப்புதான்.

பிறகு விரிவாக்கப் பணியாளர்கள். மருந்து பரிந்துரைக்கும் சீட்டில் ஒரு வரி சேருங்கள்: பூச்சி இருக்கும் செடிக்கு மட்டும், இருக்கும் காலத்தில் மட்டும். ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் நடக்கும் பயிற்சிகளில், தீமை செய்யும் பூச்சி, நன்மை செய்யும் பூச்சி என்று படம் காட்டுகிறீர்கள். அதன் பக்கத்தில் நன்மை செய்யும் பறவைகள் பத்தின் படத்தையும் வையுங்கள்.

பொங்கலுக்கு ஒரு வேலை

2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்டு செயலியில் பதிவு செய்தால் போதும். நகரத்துப் பூங்காக்களிலிருந்து பட்டியல்கள் குவிகின்றன. காபித் தோட்டத்திலிருந்து தோட்டக்காரர் கையால் போகும் பட்டியல்தான் வேண்டும். உங்கள் பிள்ளையிடம் கைபேசியைக் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் தோட்டத்தில் வேலை செய்யும் மலையாளி இனத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். குரலை வைத்தே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும் பெயரையும் எழுதி வையுங்கள். ஐந்து வருடப் பட்டியல் கையில் இருந்தால், சான்று கேட்டுப் போகும்போதும், அதிகாரியிடம் மனு கொடுக்கும்போதும், வெறும் வாய்ப்பேச்சாக இருக்காது.

காட்டுக்கோழிக்குக் கண்ணி வைப்பவரையும் கவண் எடுக்கும் சிறுவனையும் தடுக்க 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் இருக்கிறது. ஆனால் நிழல் மரத்தைக் காக்க எந்தக் காவலரும் உங்கள் தோட்டத்துக்கு வரப் போவதில்லை. அந்த முடிவு உங்களுடையது. இந்தத் தடவை மரம் ஏறும் ஆளிடம் கிளையைக் காட்டிக் கொடுக்கும்போது, விட வேண்டிய மரம் எது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.